சிவப்புத் துணி கட்டிய சாக்கு

“…அப்ப ஒன் நாயி பேண்டதப் போட்டுத்தான் ரெண்டு மாசமா ஆண்டவருக்குன்னு தண்ணி ஊத்தி வளத்திருக்கேன். அப்படித்தானே புள்ள?”

கடைசிக் காம்பரா அக்கா இதைக் கேட்டபோது அவர் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தது. காலடியில் சலாதுக் கீரைப் பாத்தி, நாலு வரிசை, ஒன்றுகூடப் பூச்சி தின்னாமல், பச்சைப் பாவாடையை விரித்துப் போட்ட மாதிரி. மறுநாள் சேர்ச்சில் அறுப்புப் பண்டிகை. மேலே, பாதையின் வளைவில், என்னுடைய இரண்டு நாய்களும் ஒன்றுமே தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தன.

நான் அக்காவுக்குச் சொன்ன பதிலை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன், அந்தக் கேள்விக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர்கள் எல்லாரும் நாயைத்தான் குறை சொல்வார்கள். நாயின் மேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என்னுடையது.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்குள் ஏறுகிற பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் லயம் வரும். பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், ஒரே கூரை. நான் பதினோராவது, அக்கா பன்னிரண்டாவது. நடுவில் இருக்கிற சுவர் பேருக்குத்தான். அக்கா அந்தப் பக்கம் இருமினால் நான் இந்தப் பக்கம் கேத்தலை அடுப்பில் வைப்பேன். அக்கா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் கொழும்பில். எனக்குக் கொழுந்து பறித்த கை இல்லை. தாய்மார் மலைக்குப் போன பிறகு அவர்கள் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில்தான் என் வேலை முழுக்க முடிந்தது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். பின்னால் இதுதான் என் காலை வாரியது.

முதல் நாய், காது கிழிந்த பழுப்பு நாய், ஒரு மழைநாளில் ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தது. கூப்பிட்டீங்களா என்று கேட்டேன். “நான் கூப்பிடல, அது பேசிக்கிட்டே வந்திச்சு” என்றார். இரண்டாவது அந்த நாயைப் பார்க்க வந்த நாய். பார்த்துவிட்டுப் போகவில்லை. இவை போதாதென்று பின்பக்கத்துக் கூண்டில் ஆறு முயல், பிள்ளைக்காம்பரா வேலை முடிந்த பிறகு வீடு சத்தமில்லாமல் போனதால் ஆசைக்கு வாங்கியது. முயல் சத்தம் போடாது என்பதை வாங்கிய பிறகுதான் யோசித்தேன்.

முயலால் பிரச்சினை வரவில்லை. நாய்கள்தான், லயத்து ஆட்கள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற பாதையைத் தங்கள் இடமாக எடுத்துக்கொண்டன. பெரட்டு என்றால் காலையில் ஆள் கூட, கண்டாக்கு ஐயா வேலை பிரிக்கிற இடம். இருட்டு விலகாத நேரத்தில் எல்லாரும் அந்தப் பாதையில்தான் இறங்குவார்கள். ஒருநாள் ஆறாவது காம்பரா அண்ணன் மிதித்துவிட்டார். மிதித்தது தெரியாமலேயே போய் நின்றிருக்கிறார். சாயந்தரம் வாசலுக்கு வந்து, கோபமே இல்லாமல் சொன்னார்:

“தங்கச்சி, இன்னைக்குக் கண்டாக்கு ஐயா என்னயப் பாத்து ரெண்டு அடி பின்னுக்குப் போனாரு. என் சர்வீசுல இதான் மொதத் தடவ.”

லயமே சிரித்தது. ஆனால் தோட்டத் தலைவர் சிரிக்கவில்லை. பாதை சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் மரக்கறி லொறி போகிறபோது நாய் இரண்டையும் ஏற்றி எங்கேயாவது தூரத்தில் இறக்கிவிடச் சொல்வேன் என்றார். சொல்லும்போது பழுப்பு நாய் அவர் செருப்பை முகர்ந்து பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. அவரால் முழுக்கோபத்தோடு பேச முடியவில்லை.

அந்த மாதம் நாய்களுக்கு ஊசி போட டொக்டர் மிஸ் ஒருவர் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்திருந்தார். சிங்களப் பெண், சின்ன வயசு. என் சிங்களம் கடைக்குப் போய்வருகிற அளவுதான், அவருடைய தமிழ் அதிலும் குறைவு. இரண்டையும் சேர்த்து நாங்கள் அரை மணி நேரம் நாய்க் கழிவைப் பற்றியே பேசினோம். வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து போனார்கள். அவர் ஊசி அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். நாங்கள் தண்ணி பிடிக்கிற பீலிக்குக் கீழே, தூரத்தில் ஒரு குழி. மூடி. ஒரு கை கழிவு போட்டால் இரண்டு கை மரத்தூளோ காய்ந்த இலையோ போட வேண்டும். மழை இறங்கக் கூடாது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நிறைந்ததும் மூடி ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே விட வேண்டும், நம் பக்கத்துக் குளிருக்கு ஒன்றரை வருஷம் என்றாலும் நல்லது. கடைசியில் மரக்கறிப் படம் ஒன்று போட்டு அதன் மேல் பெரிய குறுக்குக்கோடு இழுத்தார். நாயின் வயிற்றுப் பூச்சி முட்டை மண்ணில் லேசில் சாகாதாம். பச்சையாகத் தின்கிற கீரையில் ஒட்டிக்கொண்டு மனிதர் வயிற்றுக்குள் போகும், சில பேருக்குக் கண்ணுக்கும் போகும் என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பூவுக்குப் போடலாம், பெரிய மரத்துக்குப் போடலாம், வாய்க்குப் போகிற எதற்கும் கூடாது.

அந்த அட்டை இன்னும் என் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மழைத்தண்ணி ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், வீட்டுக்காரர் இரண்டு குழி வெட்டினார். பழைய கூரைத் தகரம் மூடியானது. காலையும் மாலையும் நான் கையில் பொலித்தீன் உறையும் ஒரு பால்மா டின்னுமாகப் பாதையைச் சுற்றி வருவேன். லயத்தில் எனக்கு முதல் வாரம் கிடைத்த பேச்சுகளை மட்டும் எழுதினால் ஒரு கொப்பி நிறையும். நாலாவது காம்பரா மாமா வாசலில் நின்று நான் போய்வருவதை இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னார்: “மனுசனுக்கே கக்கூசு இப்பத்தான் வந்திச்சு. நாய்க்கு அதுக்குள்ளயா?” அதில் கிண்டல் பாதிதான். மீதிப் பாதி நியாயம்.

கடைசிக் காம்பரா அக்காவுக்கோ மரத்தூள்தான் பெரிய வேடிக்கை. நான் ஒவ்வொரு தடவையும் குழிக்குள் தூளைத் தூவுவதைத் தன் பாத்தியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். “பேண்டதுக்குப் பவுடர் பூசுறா பாரு. எனக்குக் கலியாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு பவுடர் பூசல.” அன்றிலிருந்து லயம் முழுக்க அந்தக் குழிக்குப் பவுடர் குழி என்றே பேராகிவிட்டது.

தூள் கொடுத்தது டவுனில் மரம் அறுக்கிற மில் வைத்திருக்கும் முஸ்லிம் நானா. முயலுக்குப் படுக்கை போட என்று கேட்டபோது, அப்படியென்றால் வார்னிஷ் பூசின பலகைத் தூள் வேண்டாம், பச்சை மரத்தூள் இந்த மூலையில் இருக்கிறது, இதை அள்ளுங்க என்று தானே சாக்கைப் பிடித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாதி நாய்க் குழிக்கும் போகும் நானா என்று உண்மையைச் சொன்னேன். “முயலுக்குன்னாலும் தாறேன், நாய்க்குன்னாலும் தாறேன். ஆனா இனிமே வந்தா முயலுக்குன்னு மட்டும் சொல்லுங்க. சாக்குப் புடிக்கிற இந்தக் கையோடதான் தொழவும் போகணும்” என்றார். இன்றுவரை நான் முயல் என்றுதான் சொல்கிறேன், அவரும் நம்புகிறவர் மாதிரியே சாக்கைப் பிடிக்கிறார்.

முயல் விஷயம் வேறு. முயல் புல் தின்கிற சீவன், அதன் புழுக்கையில் டொக்டர் மிஸ் சொன்ன பயம் இல்லை. கூண்டுக்குள் காய்ந்த மானாப்புல்லும் மரத்தூளும் போடுவேன். மூத்திரத்தில் ஊறி, புழுக்கையோடு சேர்ந்து கனத்துப்போகும்போது அள்ளி வீட்டுக்குப் பின்னால் குவிப்பேன். காய்ந்தது அதிகமாக இருந்தால் குவியல் செத்துக் கிடக்கும், ஈரம் அதிகமானால் நாறும். இரண்டும் சரியாக விழுந்துவிட்டால் மூன்றாம் நாள் உள்ளுக்குள் நெருப்பு மாதிரி சூடு பிடிக்கும். மண் கிளறும் முள்ளால் புரட்டிப் போட்டால் புகை எழும்பும். தை மாதத்துக் குளிரில் அக்கா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் அதன் மேல் நீட்டிக் குளிர்காய்வார். “மூத்திரம்னு நெனச்சா நாறும் புள்ள. அடுப்புன்னு நெனச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியல” என்பார். அந்த எருவில்தான் எங்கள் லயத்துப் பாதிப் பாத்திகள் விளைகின்றன.

நாய்க் குழி எரு முதல் தடவை எடுத்தபோது கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த காட்டு மண் வாசத்தில் இருந்தது. அதை என் வாசலோரத்து டேலியாவுக்குப் போட்டேன். சோற்றுப் பீங்கான் அளவுக்குப் பூத்தது. அக்காவுக்கு அதில் வருத்தம்தான். “வாய்க்கு ஆகாதத எதுக்குடி இம்மாம் பெருசா வளக்குற? ஒரு பூவுக்குப் பதிலா ஒரு முட்டைக்கோவா வச்சிருந்தா நாலு பேரு சாப்பிட்டிருப்பாங்க.” பூவைப் பார்க்கிறபோதெல்லாம் இதைச் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

எங்கள் லயத்தில் எரு கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கையில் கொடுக்க மாட்டோம். சாக்கில் கட்டி, கொடுக்க நினைக்கிறவருடைய பாத்தி ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். வாங்கினவர் நன்றி சொல்ல மாட்டார். பேச்சே எடுக்கக் கூடாது. பேசினால் கொடுத்தது சின்னதாகப் போய்விடும் என்று ஒரு நினைப்பு. ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து ஒருநாள் வாசல்படியில் ஒரு கட்டுக் கீரையோ இரண்டு கரட்டோ இருக்கும். அதுதான் கணக்கு தீர்ந்ததற்கு அடையாளம். முயல் எருவை நானும் இப்படித்தான் வைப்பேன்.

இனி அக்காவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷத்துக்கு முந்தியே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. சேர்ச்சில் அறுப்புப் பண்டிகை வந்தால் அவரவர் மண்ணில் விளைந்ததில் நல்லதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூசை முடிந்ததும் வெளியில் ஏலம் நடக்கும். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் ஏலத்துக்கு லயமே போகும், நானும் போவேன். அக்காவின் கோவாவுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே உண்டு. போன வருஷம் பாத்தியில் எது களை, எது நாற்று என்று தெரியாமல் நாற்றையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுவிட்டார். வெறுங்கையோடு போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, “எல்லாரும் வச்சாங்க புள்ள. நான் போயி கையக் கட்டிக்கிட்டு இருந்தேன், வேடிக்க பாக்கப் போனவ மாதிரி” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இந்த வருஷம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் ஒப்பரேஷன் ஆனது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த நாள் அக்கா லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் நின்று நிறம் சொன்னார். என் சேலை நீலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம், ஐந்து வருஷமாகச் சாம்பல் என்று நினைத்திருந்தாராம். பழுப்பு நாயைப் பார்த்து, “ஏண்டா, நீ இவ்வளவு அழகாவாடா இருந்த? தெரிஞ்சிருந்தா இன்னுங் கொஞ்சம் கொறச்சுத் திட்டியிருப்பேன்” என்றார். இந்தப் பண்டிகைக்கு ஒரு பாத்தி முழுக்கச் சலாது, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் கொண்டுபோய் வைப்பது என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பண்டிகைக்கு முன்னால் அதிலிருந்து ஓர் இலைகூட வாயில் வைக்க மாட்டார். முதல் விளைச்சல் ஆண்டவருக்கு, மிச்சம்தான் நமக்கு என்பது அவர் பழக்கம்.

நாற்று நடுகிற சமயத்தில் நான் இரண்டாவது நாய்க் குழியைத் திறந்தேன். அதை மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு உரச் சாக்கு நிறைய அள்ளிக் கட்டினேன். முயல் எருச் சாக்கோடு கலந்துவிடக் கூடாதே என்று, கிழிந்த சட்டையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்து வாயில் கட்டினேன். ஸ்டேஷனில் சிவப்பு விழுந்தால் ரயிலே நிற்கிறதே, மனுஷர் நிற்க மாட்டார்களா என்பது என் எண்ணம். டேலியாவுக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில் போன் அடித்தது. பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு, நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. சாக்கை இருந்த இடத்தில் போட்டுவிட்டு ஓடினேன். இருந்த இடம், அக்காவின் பாத்தி ஓரம்.

பேரனும் மகளும் தேறி வரும்வரை இரண்டு மாசம் அங்கேயே தங்கிவிட்டேன். வீட்டுக்காரர் குழி வேலையைப் பார்த்துக்கொண்டார். நாய்களுக்குச் சோறு வைத்தது அக்கா. தினமும் போனில் எடுத்துக் கேட்பேன். “ஒன் நாய்ங்களா? என் காம்பராவுக்குள்ள வந்து படுத்துக்கிட்டு, நான் வெளிய போறதுக்குத்தான் வழி விடுறாங்க” என்பார். சாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே முறை. எனக்கோ பேரக்குழந்தையின் மயக்கத்தில் சாக்கு என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது.

பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது திரும்பி வந்தேன். நாய்கள் ஏறி விழுந்து, நக்கி, ஒரு வழியாக விட்டபிறகு பின்பக்கம் போனேன். அக்காவின் கொடியில் ஒரு உரச் சாக்கு, துவைத்துக் காயப்போட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் வாயில் என் சிவப்புத் துணி. அதையும் சவர்க்காரம் போட்டுத் துவைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாருடைய சாக்கும் ஒரே மாதிரி இருக்கும். மாறிப் போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் கட்டுவார்கள், ஒருத்திக்கு நீல ரிப்பன், ஒருத்திக்குச் சேலைக் கரை. அக்காவுக்குச் சிவப்புத் துணி. முப்பது வருஷம். மலையில் எங்கே சிவப்புத் துணி கட்டின சாக்கு கிடந்தாலும் அது அக்காவுடையது, யாரும் தொட மாட்டார்கள். கொழுந்து வரிசையில் ஒருநாள் நின்றிருந்தால் எனக்கு இது மறந்திருக்காது. பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டினவளுக்குச் சிவப்பு என்றால் ரயில்தான் ஞாபகம் வந்தது.

பாத்தியை எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு சலாதை நான் கண்டதில்லை.

மறுநாள் ஊசி அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து டொக்டர் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதே, நன்றாகக் கழுவினால் ஆகாதா, உப்புத் தண்ணியில் போட்டால் ஆகாதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏக்க கன்ன எப்பா அம்மே” என்றார். அதைச் சாப்பிட வேண்டாம் அம்மா. அநேகமாக ஒன்றும் ஆகாது, ஆனால் பச்சையாகச் சாப்பிடுகிற இலைக்கு அநேகமாக என்பது போதாது என்றார். அந்தப் பாத்தியில் ஒரு வருஷத்துக்குப் பூ மட்டும் நடச் சொன்னார்.

ஏலத்தில் அந்தச் சலாது பத்து வீட்டுக்குப் பிரிந்து போகும். வெங்காயம் போட்டு, தேசிக்காய் பிழிந்து அன்று மத்தியானமே பச்சையாகச் சாப்பிடுவார்கள். அதில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள், நான் தொட்டில் ஆட்டி வளர்த்த பிள்ளைகள் இருப்பார்கள். அக்காவும் ஒன்றை ஏலத்தில் எடுத்துச் சாப்பிடுவார், ஒப்பரேஷன் ஆன கண்ணோடு. டொக்டர் மிஸ் தன் கண்ணைத் தொட்டுக் காட்டியது என் மனசைவிட்டுப் போகவில்லை. சொன்னாலோ, அக்கா மறுபடி வெறுங்கையோடு கடைசி வாங்குக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. முயல் கூண்டைத் திறந்துவிட்டால் ஆறு முயலும் ஒரு மணி நேரத்தில் பாத்தியை மொட்டையடித்துவிடும். பழி முயலோடு போகும். அக்கா என்னைத் திட்டுவார், முயலைத் திட்டுவார், ஆனால் நாய்ப் பீ என்கிற வார்த்தை ஆண்டவர் காரியத்துக்குள் வராது. கூண்டுக் கொக்கியில் கை வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார்.

“புள்ள, இங்க வா. வந்து இதப் பாரு.”

போனேன். பனி விலகி வெயில் விழுந்திருந்தது. அக்கா குந்தியிருந்து ஒரு இலையின் ஓரத்தை விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். “இந்த ஓரத்தப் பாரேன். சுருக்குச் சுருக்கா, யாரோ ஒக்காந்து தச்ச மாதிரி. போன வருசம் எனக்கு இதெல்லாம் ஒரு பச்சக் கட்டி. ஆண்டவரு இவ்வளவு வேல செஞ்சு வச்சிருக்காரு, நான் பாக்காமலே தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.”

அதற்கு மேல் என்னால் கொக்கியைப் பற்றி நினைக்க முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். சாக்கு முயல் சாக்கு இல்லை அக்கா, பவுடர் குழிச் சாக்கு. ஒங்களுக்குன்னு வைக்கல, போன் வந்த அவசரத்துல போட்டுட்டு ஓடிட்டேன். டொக்டர் மிஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன், பூச்சி முட்டை, வயிறு, கண். பூவுக்குப் போட்டால் ஒன்றுமில்லை, வாய்க்குத்தான் ஆகாது என்றும் சொன்னேன். முயல் கூண்டில் கை வைத்ததையும் சொல்லிவிட்டேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா இலையை விட்டார். எழும்பி நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“செவப்பு கட்டியிருந்திச்சே” என்றார்.

“ஆமாக்கா.”

“நான் மல எறங்கி ஏழு வருசமாச்சு. என் அடையாளத்த இவ ஒருத்தியாவது ஞாபகம் வச்சிருக்காளேன்னு நெனச்சேன் புள்ள. கண்ணு தெறந்ததும் நான் பாத்த மொத நல்ல செவப்பு அது.”

ரயிலைப் பற்றி எப்படிச் சொல்வது? மேலே பழுப்பு நாய் கொட்டாவி விட்டது. அக்கா நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாலு வரிசைச் சலாதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், ஒன் நாயி பேண்டதப் போட்டுத்தானே ஆண்டவருக்கு வளத்திருக்கேன் என்று.

“ஆமாக்கா” என்றேன். “அதுதான் நடந்திச்சு.”

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், கண்ணில் தண்ணி வழிய, கத்தி பிடித்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு குனிந்து முதல் சலாதை வேரோடு பிடுங்கினார். இரண்டாவது, மூன்றாவது. உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார். நாலு வரிசையும் முடிய, மடி நிறைய மடி நிறையக் கட்டிக் கானைத் தாண்டிப் பள்ளத்துக்குச் சுமந்தார். தகரத்தை நானல்ல, அவரே தூக்கினார். எல்லாவற்றையும் நாய்க் குழிக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த தூள் சாக்குக்குள் கைவிட்டு மரத்தூள் அள்ளி, ஒரு கைக்கு இரண்டு கையாகத் தூவினார். மூன்று வருஷமாகக் கேலி செய்தவர், அளவு பிசகவில்லை. பீலிக்குப் போய் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, கத்தியையும் கழுவினார்.

அதே கத்தியோடு நேரே என் வாசலுக்கு ஏறிப் போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டேலியாவை அறுக்கத் தொடங்கினார். சிவப்பு, மஞ்சள், ஊதா, ஒவ்வொன்றாக, காம்பை நீளமாக விட்டு, கொழுந்துக் கூடையில் தலை மேலாக அடுக்கினார். நாய் இரண்டும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தன. கூடை நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் காம்பராவுக்கு நடந்தார். செடியில் ஒரே ஒரு சின்னப் பூ மட்டும் மிச்சம் இருந்தது. வாசல்படிவரை போனவர் நின்று, கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்து, அதையும் அறுத்துக்கொண்டு போனார்.